மெஷினுக்கு முன்னால் ஒரு நோட்டு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரவிருக்கிறது. ஈரக் கழிவை உரமாக்கும் தானியங்கி மெஷின் ஒன்றை வாங்கலாமா, அதற்கான பணத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கலாமா என்பது கேள்வி. அதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ஓர் ஆலையின் சுற்றுச்சூழல் பிரிவில் பல வருடம் உள்தணிக்கை பார்த்தவன் என்பதால், எந்த மெஷின் நல்லது என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். அதைச் சொல்ல நான் வரவில்லை. மெஷினை இப்போது வாங்க வேண்டாம், ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் நான்கு உரத்தொட்டிகள் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பையன்கள் பந்து விளையாடும்போது அதுதான் கோல்போஸ்ட். இரண்டு வருடம் அந்தத் தொட்டிகள் நன்றாகவே வேலை செய்தன. மாடித்தோட்டத்துக் கத்திரிக்கும் வெண்டைக்கும் அந்த உரம்தான் போனது. மூன்றாம் மாடியில் இருந்த அக்கா தினமும் காலையில் இறங்கி வந்து பார்த்துக்கொண்டார். எந்தத் தொட்டியை எப்போது கிளற வேண்டும், நாற்றம் வந்தால் எவ்வளவு சருகு போட வேண்டும், எந்த வீட்டு வாளியில் பால் கவர் கலந்து வருகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். பிறகு மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். மூன்றே மாதத்தில் தொட்டிக்குள் புழு, நாற்றம், கீழ்வீட்டுக்காரர்களின் புகார். நான்காம் மாதம் மூடி வைத்தாயிற்று.

இதில் யார் மீதும் குறை இல்லை. தொட்டியும் கெடவில்லை. அந்த அக்காவின் தலைக்குள் இருந்த விஷயம் எதுவும் ஒரு தாளில்கூட எழுதப்படவில்லை. அவர் சாமான் கட்டியபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. இனி சில லட்சம் கொடுத்து மெஷின் வாங்கினாலும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்காவோ அண்ணாச்சியோ கிடைப்பார். அவரும் ஒரு நாள் வீடு மாறுவார்.

இந்தத் தலைவலி பெரிய நிறுவனங்களுக்கும் இருந்தது. ஆலையில் அக்கறையுள்ள இன்ஜினியர் ஒருவர் இருக்கும்வரை கழிவுநீர் நிலையம் ஒழுங்காக ஓடும். அவர் மாற்றலாகிப் போனதும் பம்பு பழுதாகும், கேட்க ஆள் இருக்காது. இதற்குப் பதிலாகப் பிறந்ததுதான் சுற்றுச்சூழல் மேலாண்மை முறை. 1992இல் பிரிட்டன் பி.எஸ். 7750 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. ரியோவில் புவி உச்சி மாநாடு நடந்ததும் அதே ஆண்டுதான். 1996இல் ஐ.எஸ்.ஓ. 14001 வந்தது. அது 2004இலும் 2015இலும் திருத்தப்பட்டது.

ஐ.எஸ்.ஓ. 14001 என்றால் மாசுக்கு ஒரு வரம்பு என்று பலர் நினைக்கிறார்கள். இத்தனை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அந்த வரம்புகளை வைப்பது அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும். தரநிலை கேட்பது வேறு கேள்விகளை. உங்கள் வேலையால் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்னென்ன நேர்கிறது? அதில் எது பெரியது? உங்களுக்குப் பொருந்தும் சட்டங்கள் எவை? இந்த வருடம் எதைக் குறைக்கப் போகிறீர்கள், யார் பொறுப்பு, எப்படி அளப்பீர்கள்? அளந்ததில் தவறு தெரிந்தால் காரணத்தைத் தேடித் திருத்தினீர்களா? மேலே இருப்பவர்கள் உட்கார்ந்து அதைப் பார்த்தார்களா? திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்று நான்கு படிகளாக இதைச் சொல்வார்கள். திருத்தியபின் மறுபடியும் முதல் படி.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறப்பார்கள், பிப்ரவரி கடைசியோடு அடைப்பார்கள். இடையில் கிடைக்கிற மாதங்களில்தான் கால்வாயைத் தூர்வார வேண்டும், உடைந்த மடையைக் கட்ட வேண்டும். கன்னிப்பூவுக்குத் தண்ணீர் திறந்ததும் வேலை சரியாக நடந்ததா என்று கடைவரம்புக்காரர் வயலே சொல்லிவிடும். அங்கே தண்ணீர் போய்ச் சேரவில்லை என்றால் நடுவில் எங்கோ அடைப்பு. கும்பப்பூவுக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். யார் அதிகாரியாக வந்தாலும் போனாலும், அணை திறக்கும் நாளும் கடைவரம்பும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். கடைவரம்புக்குத் தண்ணீர் வராத வருடங்களும் உண்டு, அது வேறு சண்டை. ஆனால் தண்ணீர் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். நம் உரத்தொட்டிக்குக் கடைவரம்பு என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது.

நம் மாவட்டத்திலேயே ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ் பெற்ற ஆலை ஒன்று இருக்கிறது: மணவாளக்குறிச்சியில் உள்ள ஐ.ஆர்.இ.எல்., நாம் மணல் ஆலை என்று சொல்வது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டு, அதன் ஊரைத் தேடி வந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்தக் காலத்துக் கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு அது தேவைப்பட்டது. 1950இல் உருவான இந்திய அரிய மண் நிறுவனம் இன்று அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. கதிரியக்கம் உள்ள பொருளைக் கையாள்வதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் கண்காணிக்கிறது. இப்படிப்பட்ட ஓர் ஆலையில் யார் எதை எப்போது அளக்க வேண்டும் என்பது ஒருவருடைய ஞாபகத்தை நம்பி இருக்கக் கூடாது. அதற்கு முறை அவசியம்.

அதே சமயம், கிள்ளியூர் வட்டத்தில் அந்த நிறுவனம் புதிதாகத் தாது மணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரை ஊர்கள் கடுமையாக எதிர்த்ததும் உங்களுக்குத் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சான்றிதழின் எல்லை புரியும். செய்கிற வேலையை ஒழுங்காக நடத்துகிறீர்களா என்பதற்குத்தான் 14001 பதில் சொல்லும். அந்த வேலையை அந்த இடத்தில் செய்யலாமா என்பதற்கு அது பதில் சொல்லாது. அதை அந்த ஊர்க்காரர்களும் சட்டமும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். சான்றிதழைக் காட்டிக் கேள்வியை மூடுகிற நிறுவனத்தையும், சான்றிதழ் வெறும் தாள் என்று ஒதுக்கிவிடுகிறவரையும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

முறை இல்லாவிட்டால் நஷ்டம் எவ்வளவு என்பதற்குத் திருப்பூரைப் பாருங்கள். சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் போனது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. வழக்கு பல வருடம் நடந்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பெரிய முதலாளிகள் எப்படியோ எழுந்துகொண்டார்கள். தினக்கூலிக்கு வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். அந்தப் பட்டறைகளில் ஒழுங்காக நடந்தவையும் இருந்திருக்கும். ஆனால் நாங்கள் ஒழுங்காகத்தான் நடந்தோம் என்று காட்ட வருடக் கணக்கான பதிவேடு வேண்டுமே. இன்று வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவர்களிடம் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

இனி நம் கட்டடத்துக்கு வருகிறேன். 72 வீடுகள், இரண்டு லிஃப்ட், ஒரு சம்ப், ஒரு போர்வெல், ஒரு ஜெனரேட்டர். நாமும் ஒரு நிறுவனம்தான். மெயின்டனன்ஸ் வசூலிக்கிறோம், ஆள் வைத்திருக்கிறோம், கேட்டுக்கு வெளியே தினமும் எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். 2015 திருத்தம், ஒரு பொருள் உங்கள் கையை விட்டுப் போனபின் என்னாகிறது என்பதையும் யோசிக்கச் சொல்கிறது. கேட்டில் நின்று நாமும் அதை யோசிப்போம்.

குப்பை வண்டியில் போகிற ஈரக் கழிவும் பிளாஸ்டிக்கும் கலந்துபோனால் முடிவது கிடங்கில். வலம்புரிவிளையில் தீப்பிடித்த நாட்களில் அந்தப் பக்கத்து ஜனங்கள் எந்தப் புகையைச் சுவாசித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நம் வீட்டுச் சோறும் கறியும் மட்கும்போது உண்டாகிற வாயுவும் அந்தத் தீக்குத் தீனிதான். செப்டிக் டேங்க் லாரி வருகிறது, பணம் வாங்குகிறது, போகிறது. எங்கே கொட்டுகிறது என்று என்றாவது கேட்டு ரசீது வாங்கியிருக்கிறோமா? மழைநீரோடு நம் கார் ஷெட்டின் எண்ணெய்ப் பிசுக்கும் ஓடையில் இறங்குகிறது. இந்த ஊர் ஓடைகள் பழையாற்றுக்குப் போகின்றன. பழையாறு சுசீந்திரத்தைத் தாண்டி மணக்குடியில் கடலைத் தொடுகிறது. வழியில் இருக்கிற சுசீந்திரம், தேரூர் குளங்களைத்தான் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். பறவை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம் அல்லவா, அந்தக் குளங்கள். ஜெனரேட்டரில் மாற்றிய பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. போன தடவை அதை ஆயில் மாற்ற வந்த பையனே கேனில் எடுத்துக்கொண்டு போனான். பாத்ரூம் ஆசிட், லிஃப்ட் பேட்டரி, ட்யூப் லைட் என்று பட்டியல் இன்னும் நீளும், இப்போது விட்டுவிடுகிறேன்.

சட்டங்களையும் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2016இன் திடக்கழிவு விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள குடியிருப்பு வளாகங்கள் மட்கும் கழிவை முடிந்தவரை உள்ளேயே கையாள வேண்டும் என்றன. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை. எது நமக்குப் பொருந்தும், பிறகு என்ன மாற்றம் வந்தது என்று பார்த்துவைக்க ஒருவர் வேண்டும். மாநகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தபின் தேடுவதைவிட அது சுலபம்.

சரி, இதனால் நமக்கு என்ன லாபம்? பணத்திலிருந்தே தொடங்குகிறேன், மெயின்டனன்ஸ் கூட்டுகிறோம் என்றால்தான் இங்கே எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். நம் மேல்தொட்டி நிரம்பி வழிவதைக் காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட். அது மணிக்கு 10,000 லிட்டர் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்குக் கால் மணி நேரம் வழிந்தால் 2,500 லிட்டர் தண்ணீர், ஒரு யூனிட் கரண்ட். வருடத்துக்கு 9 லட்சம் லிட்டருக்கு மேல், 365 யூனிட். கோடையில் முக்கடல் அணையில் தண்ணீர் இறங்கி, குழாயில் தண்ணீர் வரும் நாட்கள் தள்ளிப் போகும்போது லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டுகிற நாம்தான் இதையும் வழியவிடுகிறோம்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத கசிவு. இரவு 11 மணிக்கு மோட்டாரை நிறுத்தி மேல்தொட்டி மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலை 4 மணிக்கு மறுபடி பாருங்கள். எல்லோரும் தூங்குகிற நேரத்தில் மட்டம் ஒரு சாணுக்கு இறங்கியிருந்தால் எங்கோ ஒரு ஃப்ளஷ் டேங்க் ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது குழாய் விட்டிருக்கிறது. இதற்குச் செலவு ஒரு பென்சில்.

ஒக்கி வந்த 2017 நவம்பர் கடைசியை நினைத்துக்கொள்ளுங்கள். மரமும் மின்கம்பமும் சாய்ந்து நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் டீசல் எவ்வளவு இருக்கும், தண்ணீரை முதலில் யாருக்குக் கொடுப்பது, ஆக்சிஜன் மெஷினோடு இருக்கிற பெரியவர்கள் எந்த வீட்டில் என்று எழுதிய தாள் நம்மிடம் இருக்கிறதா? அவசர காலத் தயார்நிலை என்பது 14001இல் ஒரு முழுப் பகுதி. ஆலையில் அதை ஒத்திகை பார்ப்போம். இங்கே வருடத்துக்கு ஒரு தடவை ஜெனரேட்டரை முழு லோடில் ஓட்டிப் பார்த்தாலே போதும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. முறை என்ற பெயரில் ஃபைல்கள் மட்டும் வளரும். உள்தணிக்கைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது மையின் நிறத்தை. ஆறு மாத அளவீடு, நூற்றெண்பது கையெழுத்து, எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம் என்றால் அது நேற்று ராத்திரி எழுதியது. அப்படி எழுதுகிற நோட்டைவிட வெள்ளைத் தாள் மேல். அதனால் நமக்குச் சான்றிதழ் வேண்டாம் என்றே சொல்வேன். ஐ.எஸ்.ஓ. அமைப்பு தானாக யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை, அதற்கென்று தனி நிறுவனங்கள் பணம் வாங்கிக்கொண்டு தணிக்கை செய்கின்றன. ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்கு அந்தச் செலவு திரும்பிவரும். நமக்கு வராது. சான்றிதழ் எடுக்காமலே அந்த முறையைப் பின்பற்றத் தடை ஏதும் இல்லை.

ஆகவே என் யோசனை இது. ஒரு நோட்டு. அதில் நான்கு பக்கங்கள் மட்டும்: தினமும் ஈரக் கழிவு எத்தனை கிலோ, அதில் பிளாஸ்டிக் கலந்த வாளிகள் எத்தனை, இரவும் அதிகாலையும் தொட்டி மட்டம், மாதாந்தரப் பொது மின்கட்டண யூனிட். ஆறு மாதம் எழுதுவோம். மாதத்தில் ஒரு நாள் செயற்குழு அதை வைத்து அரை மணி நேரம் பேச வேண்டும், பேசியதை அதே நோட்டில் எழுத வேண்டும்.

மெஷின் விற்க வந்தவர் நமக்கு நாளுக்கு 100 கிலோ கொள்ளளவு வேண்டும் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். 72 வீடு என்றால் அவ்வளவு வரும் என்றார். நம் குப்பையை இதுவரை யாரும் நிறுத்ததே இல்லை. அளவு எடுக்காமல் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பீர்களா? 40 கிலோதான் வருகிறது என்றால் சின்ன மெஷின் போதும். பழைய நான்கு தொட்டிகளோடு இன்னும் சில தொட்டிகளே போதலாம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் பிரிவு, சமையலறைக் கழிவில் ஓடும் சக்தி சுரபி என்ற எரிவாயுக் கலனை உருவாக்கியிருக்கிறது. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பால் கவர் கலந்த வாளிகள் குறையவில்லை என்றால் எந்த மெஷினும் நம்மிடம் நிற்காது, அதுவும் நோட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

உரை முடிந்ததும் முதல் மாடி அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார். அதை இங்கே சேர்ப்பது நல்லது. “எல்லாம் சரி, நிறுக்கிறது யாரு, எழுதுகது யாரு? கடைசியில குப்ப எடுக்க வார அம்மா தலையிலதான விழும்?”

விழக் கூடாது. அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே 72 வாளி. ஒவ்வொரு மாதமும் ஒரு மாடி பொறுப்பு. அந்த மாடிக்காரர் ஒருவர் காலை ஏழு மணிக்குக் கீழே வந்து நிறுத்து எழுத வேண்டும், பத்து நிமிட வேலை. எந்த வாளியில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று அந்த அம்மா சொல்வார், எழுதுவது நாம். வீட்டு எண்ணை நோட்டில் எழுத வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. தொட்டி மட்டத்தைச் செக்யூரிட்டி எழுதுவார், அவர் எப்படியும் அந்த நேரத்தில் சுற்றி வருகிறவர். அந்த அம்மாவுக்குக் கையுறையும், நிற்கிற நேரத்துக்குக் கூடுதல் தொகையும் உண்டு. தொகையைப் பொதுக்குழுவில் நீங்கள் முடிவு செய்யுங்கள். 50 கிலோ வரை நிறுக்கிற தொங்கு தராசு ஒன்று வாங்கி ஜெனரேட்டர் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. முதல் மாதம் நான்காம் மாடி.